மரக்கறி உணவும் மலையக மக்களின் உடல் நலமும்

உணவின்றி உயிர் வாழ்க்கை இல்லை என்பது எவரும் அறிந்த உண்மை. ஆயினும், உண்ணும் உணவெல்லாம் உடலை வளர்ப்பதில்லை என்னும் உண்மையை அறிந்து ஒழுகுவோர் சிலரே. வயிறு நிறைதல் வேறு. உடல் நிறைதல் வேறு. திருவள்ளுவர் 'மருந்து' எனப் பெயரிட்டு வகுத்த 95 ஆம் அதிகாரத்துள் மருந்துப் பொருள் ஒன்றின் பெயரேனும் காணப்படவில்லை. அவ்வதிகாரத்திற் பெரும்பகுதி உணவைப் பற்றியும், உண்ணும் அளவைப் பற்றியுமே பேசுகின்றது. நோய் வந்தபின் மருந்தை நாடுதலினும், நோய் வாராமல் உணவாற் காத்தலே அறிவுடைமை என்பது நம் முன்னோர் கொள்கை எனலாம்.

அண்மைக் காலத்தில் மேலைநாட்டு மருத்துவ அறிஞர் பலர் தாவர உணவின் சிறப்பை வற்புறுத்தி வருகின்றனர். இறைச்சியையும் வெண்ணெயையும் மிகுதியாக உண்டு, இருதய நோய்க்கும் நீரிழிவுக்கும் ஆளான நாட்டு மக்களுக்கு அவ்வறிவுரை பெரிதும் பொருந்துவதே. ஆனால், வட்டகொடையிலும் தலவாக்கலையிலும் தேயிலை மலைகளினிடையே வாழும் நம் மக்களுக்கு அவ்வறிவுரை எவ்வாறு பொருந்தும்? நம்மவர் உணவிற் பெரும்பகுதி முன்னரே தாவர உணவன்றோ? அவ்வாறாயின், அவ்வுணவின் நன்மைகள் நம் பிள்ளைகளின் உடலில் ஏன் காணப்படவில்லை? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் கற்பிக்கும் பாடசாலையிற் காலை ஒன்றுகூடலின்போது மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிச் சென்று ஆசிரியர் அறையிற் கிடத்தி, முகத்தில் நீர் தெளித்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என வினவினேன். "சாயம் மட்டுந்தான் குடிச்சேன் சார்" என்றாள். முதல் நாள் இரவு? "ரொட்டியும் சம்பலும் சார்." அதற்கு முன் நண்பகலில்? அதற்கும் அதே விடை. பின்னர் வைத்தியசாலையிற் குருதியைச் சோதித்தபோது அவளுக்குக் குருதிச்சோகை மிகுந்திருந்தமை தெரியவந்தது. கணிதத்தில் இயல்பாகவே ஆற்றலுடைய அப்பிள்ளை வகுப்பில் அடிக்கடி கண்ணயர்வதைக் கண்டு, சோம்பேறி என்று பலமுறை நானே கடிந்திருக்கின்றேன். அவளுடைய குற்றம் யாது என அன்றுதான் உணர்ந்தேன். மறுநாள் வகுப்பு மாணவர் அனைவரையும் முதல் நாள் உண்டவற்றை எழுதுமாறு பணித்தேன். பெரும்பாலான தாள்களில் ரொட்டி, சம்பல், தேத்தண்ணீர் என்னும் மூன்று சொற்களே திரும்பத் திரும்ப வந்தன.

அம்மூன்றும் தாவரத்தினின்று கிடைப்பனவே. கோதுமை ஒரு தாவரம், தேங்காயும் மிளகாயும் தாவரத்தின் பயன், தேயிலையும் தாவரமே, அதில் இடும் சீனியும் கரும்பினின்று வந்ததே. எனினும் அப்பிள்ளை மயங்கி விழுந்தாள். ஆகவே, தாவர உணவு என்னும் பெயரில் மாத்திரம் நலம் இல்லை. எத்தாவரம், எத்தனை வகை, எந்நிலையில், எப்பொழுது உண்ணப்படுகின்றது என்பதிலேயே நலம் உள்ளது என்பது தெளிவு.

தாவர உணவின் நன்மைகள்

தாவர உணவு என்பது இறைச்சியை அறவே நீக்கிய உணவு மாத்திரமன்று. தானியம், பருப்பு, காய், கனி, கீரை, கிழங்கு, வித்து ஆகியவற்றைப் பெரும்பான்மையாகவும், விலங்குணவைச் சிறுபான்மையாகவும் உண்ணும் முறையும் அப்பெயரில் அடங்கும். விலங்குணவை முற்றாக விலக்குவோர் அம்முறையின் ஒரு பிரிவினர்.

இவ்வுணவின் முதற் சிறப்பு அதிலுள்ள நார்ப்பொருளாகும். நாரைச் சமிக்கச் செய்யும் ஆற்றல் மனிதக் குடலுக்கு இல்லை. ஆதலின் ஒரு காலத்தில் அது பயனற்ற சக்கை எனக் கருதப்பட்டது. உகண்டாவிற் பல்லாண்டுகள் பணியாற்றிய அறுவை வைத்தியர் டெனிஸ் பேர்க்கிற் என்பார், நார் மிகுந்த உணவை உண்ட ஆபிரிக்கக் கிராமத்தவரிடம் மேலைநாட்டாரின் குடல் நோய்கள் அரிதாக இருந்ததைக் கண்டு, 1970களில் நாரின் பெருமையை உலகறியச் செய்தார். நார் மலச்சிக்கலை நீக்குகின்றது. உணவிலுள்ள சர்க்கரை குருதியில் விரைந்து கலவாமல் தடுக்கின்றது. ஓட்சு, பருப்பு முதலியவற்றில் உள்ள கரையும் நார், பித்தநீரோடு சேர்ந்து வெளியேறிக் குருதியிலுள்ள கொலஸ்ரரோலைக் குறைக்கின்றது. நாம் சமிக்கச் செய்ய இயலாத அந்நாரே குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றது.

இரண்டாவது சிறப்பு, காய்களிலும் கனிகளிலும் மிகுந்துள்ள பொற்றாசியம் முதலிய கனியுப்புகளாகும். 1997 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, பழங்களும் மரக்கறிகளும் கொழுப்பு நீக்கிய பாற்பொருள்களும் மிகுந்த உணவு, சில வாரங்களுக்குள்ளேயே குருதியழுத்தத்தைக் குறைத்தமையைக் காட்டியது. மூன்றாவது சிறப்பு, ஆயுளைப் பற்றியது. புகையும் மதுவும் பெரும்பாலும் விலக்கி வாழும் ஒரு கிறித்தவ சபையைச் சேர்ந்த 73,000 இற்கும் மேற்பட்டோரை வட அமெரிக்காவிற் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2013 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் மரக்கறி உணவினரின் இறப்பு விகிதம் ஏனையோரினும் நூற்றுக்கு 12 பங்கு குறைந்திருந்தது. இரு சாராரும் ஒரே சபையினராதலின், அவ்வேறுபாட்டிற்கு உணவும் ஒரு காரணமாகலாம் எனக் கருத இடமுண்டு.

உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு ஒருவர் 400 கிராமுக்குக் குறையாமற் காயும் கனியும் உண்ண வேண்டுமென விதந்துரைக்கின்றது. கிழங்கு வகைகள் இக்கணக்கிற் சேரா. இலங்கையில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பெற்று 2008 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, வளர்ந்தோருள் ஏறக்குறையப் பத்தில் ஒருவர்க்கு நீரிழிவு இருந்தமையைக் காட்டியது. பணக்காரர் நோய் என ஒரு காலத்திற் பேசப்பட்ட அந்நோய் இன்று லயங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆகவே, மேற்கூறிய நன்மைகள் மேலைநாட்டார்க்கு மாத்திரம் உரியன எனக் கருதுதல் தவறு.

நம் உணவு வந்த வழி

தோட்டத்து உணவு ஏன் இவ்வாறு ஒடுங்கியது என்பதை அறிய அதன் வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். கோப்பித் தோட்டக் காலத்திலும், 1867 ஆம் ஆண்டில் லூல்கொந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட பின்னரும், தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் இங்கு வந்தனர். அவர்தம் ஊர்களில் ஏழை மக்கள் கம்பு, கேழ்வரகு, சோளம், வரகு முதலிய தானியங்களையே பெரிதும் உண்டனர். தோட்டத்திலோ, சம்பளத்திற் கழித்துக்கொண்டு அரிசி வழங்கும் வழக்கம் நிலைபெற்றது. 1927 ஆம் ஆண்டுச் சட்டம் ஆகக் குறைந்த சம்பளத்தை நிர்ணயித்தபொழுது, குறித்த விலைக்கு அரிசி வழங்குவதையும் அதனோடு இணைத்தது. சிறுதானியம் மறைந்தது; அரிசியே உணவாயிற்று.

1942 ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் கைப்பட்டமையால் அங்கிருந்து அரிசி வருதல் நின்றது. பங்கீட்டு முறையோடு கோதுமை மா பெருமளவிற் புகுந்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு குறைக்கப்பட்டு, தோட்டங்களிற் கடும் பஞ்சம் நிலவியது. 1974 இல் தோட்டப் பகுதிகளில் இறப்பு விகிதம் உயர்ந்தது வரலாறு. கிழங்கும் இலையும் தேடி மக்கள் அலைந்த கதையை எங்கள் பெற்றோர் இன்றும் கூறுவர்.

பஞ்சம் நீங்கிய பின்னரும் கோதுமை ரொட்டி நீங்கவில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்குச் செல்ல வேண்டிய தாய், ஒருமுறை மாவைப் பிசைந்து ரொட்டி சுட்டால் அது காலைக்கும் ஆகும். மலையில் நண்பகலுக்கும் ஆகும். நெடுநேரம் பசி தாங்கும், குழம்பும் வேண்டுவதில்லை. ஆகவே ரொட்டியைப் பழித்தல் அத்தாயின் உழைப்பைப் பழித்தலாகும். ரொட்டியோடு சேர வேண்டியவை சேரவில்லை என்பதே குறை.

நீக்கப்பட்டதும் நீங்கியதும்

தானியத்தைத் தீட்டுவதாலும் சலிப்பதாலும் விளையும் கேட்டை விஞ்ஞானிகள் அறிந்த வரலாறு சுவையானது. ஒல்லாந்து நாட்டு வைத்தியர் கிறிஸ்ரியன் ஐக்மன் ஜாவாத் தீவிற் பணியாற்றியபோது, தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்தபோது அவை நலமடைவதையும் கண்டு, 1897 ஆம் ஆண்டில் அம்முடிவுகளை வெளியிட்டார். 'பெரிபெரி' என்னும் நோயின் காரணம் அவ்வழியே வெளிப்பட்டது. தவிட்டிலுள்ள அச்சத்தே பின்னர் விற்றமின் பி1 எனப் பெயர் பெற்றது. ஐக்மன் 1929 ஆம் ஆண்டில் நோபெற் பரிசு பெற்றார். நம் முன்னோர் நெல்லைப் புழுக்கிக் குற்றியதனால் அச்சத்திற் பெரும்பங்கு அரிசியின் உள்ளே ஊறி நின்றது. புழுங்கலரிசியின் சிறப்பு இதுவே.

நம் மலைகளைப் போன்றே தேயிலை விளையும் நீலகிரியில், குன்னூரில், றொபேட் மக்கரிசன் என்னும் வைத்தியர் 1920களில் மற்றோர் ஆய்வு நடத்தினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவ்வாறே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, பச்சை மரக்கறி சேர்ந்த வட இந்திய உணவை உண்ட எலிகள் செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் ஏனையவற்றைச் சிறிதளவாகவும் கொண்ட சென்னை மாகாண ஏழையரின் உணவை உண்டவை மெலிந்தன. இரண்டுமே பெரும்பாலும் தாவர உணவுகள்; ஆயின் அவை தந்த பயன் ஒன்றன்று.

அந்தக் குன்னூரோடு தொடர்புடைய மற்றொரு பெயர் லூசி வில்ஸ் என்னும் பெண் வைத்தியருடையது. அவர் 1928 ஆம் ஆண்டு முதல் பம்பாயிற் பஞ்சாலைத் தொழிலாளரான கருவுற்ற தாய்மாரிடம் காணப்பட்ட கொடிய குருதிச்சோகையை ஆராய்ந்தார். அத்தாய்மார் வறுமையினால் ஒரு வகை உணவையே உண்டு வந்தனர். நம் நாட்டுக் கடைகளில் இன்றும் விற்கும் மார்மைற் என்னும் ஈஸ்ற்றுச் சாறு அந்நோயைத் தணித்ததை அவர் 1931 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அதிலிருந்த சத்து எதுவென அப்போது தெரியாது. 1941 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் பசளி போன்ற ஒரு கீரையினின்று அச்சத்தைப் பிரித்தெடுத்து, லத்தீன் மொழியில் 'இலை' எனப் பொருள்படும் சொல்லைக் கொண்டு 'போலிக் அமிலம்' எனப் பெயரிட்டனர். குருதி ஊறுதற்கு இலை வேண்டும் என்பது அப்பெயரிலேயே அமைந்துள்ளது. நாள்தோறும் இலை பறிக்கும் நம் தாய்மாரின் தட்டில் இலை இல்லாதிருத்தல் வருந்தத்தக்கது.

இரும்புச் சத்தும் தேநீரும்

மயங்கி விழுந்த மாணவிக்குக் குறைந்திருந்தது இரும்புச் சத்தாகும். இரும்பின்றிச் செங்குருதி அணுக்கள் செம்மையாக உருவாகா. அவை குறையின் மூளைக்கும் தசைகளுக்கும் ஒட்சிசன் செல்வது குறையும். சோர்வு, மூச்சிளைப்பு, கவனமின்மை என்பன தொடரும். வளரும் பெண் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இரும்பு மிகுதியாக வேண்டும். இந்நோய்க்கு உணவு ஒன்றே காரணம் என்பதும் பொருந்தாது. வெறுங்காலுடன் திரிவோரின் தோலைத் துளைத்துட் புகும் கொளுக்கிப் புழு குடலில் இருந்து குருதியை உறிஞ்சும். 1916 ஆம் ஆண்டு முதல் அதனை ஒழிக்க நம் தோட்டங்களிற் பெருமுயற்சி செய்யப்பட்டது. புழு மருந்தும் மலசலகூடமும் காலணியும் இன்றி உணவு மாத்திரம் குருதியைப் பெருக்காது.

தாவரங்களிலுள்ள இரும்பு, இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஒருவகை இரும்பைப் போல எளிதாக உடலிற் சேர்வதில்லை. இவ்வுண்மையை மரக்கறி உணவைப் போற்றுவோர் மறைத்தல் ஆகாது. ஆயின், அது சேர்வதற்கு உதவும் பொருளும் தாவரத்திலேயே உண்டு. அதனைத் தடுக்கும் பொருளும் தாவரத்திலேயே உண்டு. உதவுவது விற்றமின் சி. தேசிக்காய், கொய்யா, நெல்லி, தக்காளி, மரத்தக்காளி ஆகியவற்றில் அது உள்ளது. 100 கிராம் கொய்யாவில் உள்ள விற்றமின் சி, அதே நிறையுள்ள தோடம்பழத்தில் உள்ளதினும் பன்மடங்கு மிகுதியாகும். இச்சத்து வெப்பத்தால் அழிவதாகலின், கீரையை அடுப்பினின்று இறக்கிய பின்னரே தேசிக்காய் பிழிய வேண்டும்.

தடுப்பது எது? நம் வாழ்வோடு பிரிக்கவியலாத தேயிலையே அது. தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் பொருள்கள் குடலில் தாவர இரும்போடு இணைந்து, அதனை உடலிற் சேரவிடாது தடுக்கின்றன. 1975 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, சோறு, பாண் முதலியவற்றோடு தேநீர் அருந்தியபோது இரும்பு உறிஞ்சப்படுதல் பெரிதும் குறைந்தமையைக் காட்டியது. பால் விட்ட தேநீரும் இதற்கு விலக்கன்று. ஆயின் இதற்குப் பரிகாரமும் எளிதே. உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் கழியுமாயின் அத்தடை குறைகின்றது என்பதை 2017 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்று தெளிவுபடுத்தியது.

தேநீரை விலக்குமாறு நான் கூறவில்லை. நமக்குச் சோறிடும் பயிர் அது. குளிர்காலைக்கு அதுவே துணை. ரொட்டியோடு சேர்த்து அதனைக் குடிக்கும் வழக்கத்தையே மாற்ற வேண்டும். இதற்குக் காசு வேண்டுவதில்லை. நேரத்தை மாற்றினாற் போதும். குறிப்பாக, தவழும் குழந்தைக்கும் பாடசாலைப் பிள்ளைக்கும் உணவுக்குப் பதிலாகச் சாயம் கொடுத்தல் உடனே நிறுத்தத் தக்கது.

தானியமும் பருப்பும்

இறைச்சியின்றிப் புரதம் கிடையாது என்பார் கூற்று முழு உண்மையன்று. புரதம் அமினோ அமிலங்கள் பலவற்றால் ஆயது. அரிசியிலும் கோதுமையிலும் 'லைசீன்' என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. பருப்பிற் குறைந்த 'மெதியோனீன்' தானியத்தில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. சோறும் பருப்பும், தோசை, இட்டலி, பொங்கல் என நம் முன்னோர் கண்ட உணவுகளெல்லாம் இவ்விரண்டின் சேர்க்கையே. இரண்டும் ஒரே வேளையிற் சேர வேண்டுவதுமில்லை. அன்றைய உணவுக்குள் சேர்ந்தாற் போதும்.

வேகவைக்காத பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதமும், சோயா அவரையில் அதனினும் மிகுதியாக ஏறக்குறைய 36 கிராமும் உள்ளன. அரிசியிலோ ஏறக்குறைய 7 கிராமே உண்டு. பயறு, கடலை, கௌபி ஆகியவற்றை ஊறவைத்து முளைகட்டினால் அவற்றில் விற்றமின் சி தோன்றுவதோடு, இரும்பைத் தடுக்கும் பொருளும் குறைகின்றது. தோசை மாவைப் புளிக்க வைப்பதாலும் இப்பயன் விளையும். கேழ்வரகாகிய குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. நம் பாட்டன்மார் ஊரில் விட்டு வந்த அத்தானியத்தின் மாவை ரொட்டி மாவோடு ஒரு பங்கு கலந்தால், ரொட்டி ரொட்டியாகவே இருக்கும். அதன் சத்து உயரும்.

முற்றாக விலக்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை

விற்றமின் பி12 என்னும் சத்து நாம் வழக்கமாக உண்ணும் தாவரம் எதிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. நுண்ணுயிர்களால் உண்டாக்கப்படும் அது, பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி வாயிலாகவே நமக்குக் கிடைக்கின்றது. அது நெடுங்காலம் குறையின் குருதிச்சோகையும் நரம்புத் தளர்ச்சியும் விளையும். கருவுற்ற தாயிடம் குறையின் குழந்தையும் பாதிக்கப்படும். சைவ உணவினர் பாலையும் தயிரையும் கைக்கொள்ளுதல் இதனாலும் நன்றாகும். அவற்றையும் விலக்குவோர் வைத்தியர் ஆலோசனைப்படி அச்சத்தை மருந்தாகப் பெறுதல் வேண்டும். அயடீனுக்காக, 1995 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற் சட்டத்தால் விதிக்கப்பட்டுள்ள அயடீன் கலந்த உப்பையே பயன்படுத்துதல் வேண்டும். கருவாடோ முட்டையோ உண்போர், அதனை இழிவெனக் கருத வேண்டுவதில்லை. வறிய உணவில் அதன் சிறு துண்டும் பயன் தரும்.

செய்யத்தக்கவை

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியிலோ ஏறக்குறைய 32 பேர். நாட்டின் கரட்டும் லீக்ஸும் கோவாவும் பீற்றூட்டும் பெருமளவில் விளைவது இதே நுவரெலியா மாவட்டத்தில். விடியற் காலையில் மரக்கறி மூடைகளை ஏற்றிய லொறிகள் நம் லயங்களைக் கடந்தே கொழும்புக்கு இறங்குகின்றன. விளைவதனருகே வாழ்வோர் அதனை உண்ணாதிருத்தல் நெஞ்சை உறுத்தும் செய்தியன்றோ?

இதற்கு முதற் காரணம் வருவாய்க் குறைவே. 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவு விலைகள் ஓராண்டுள் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பங்கு உயர்ந்தபோது, முதலில் நீங்கியவை பருப்பும் மரக்கறியுமே. இறுதி வரை நின்றது மா. உணவுப் போதனை ஒருபோதும் நியாயமான ஊதியத்திற்கு மாற்றாகாது. வாங்க இயலாதவனிடம் வாங்கி உண் எனக் கூறுதல் அறமன்று. எனினும், இயன்ற சிறு வழிகளையும் அறியாமையால் இழந்து விடலாகாது.

அவ்வழிகளுட் சிலவற்றைத் தொகுத்துக் கூறுவேன். பீற்றூட், முள்ளங்கி, நோக்கோல் ஆகியவற்றின் இளம் இலைகளை நாம் குப்பையில் எறிகின்றோம். அவை நல்ல கீரைகள். முருங்கை நம் குளிரிற் செழிப்பதில்லை; ஆயின் வல்லாரையும் பொன்னாங்காணியும் நீரோடும் இடத்தில் எளிதில் வளரும். லயத்தின் பக்கத்தில் இரண்டு பாத்தி நிலம் உள்ளவர் விற்பதற்கு முன் ஒரு பிடியேனும் வீட்டிற்கு எடுத்தல் வேண்டும். மரக்கறியை நன்றாகக் கழுவிய பின் நறுக்க வேண்டும். நறுக்கிய பின் கழுவினாற் சத்து நீரோடு போம். கரட்டிலுள்ள கரோட்டீன் உடலிற் சேரச் சிறிது கொழுப்பு வேண்டுமாதலின், தேங்காய்ப்பூவோடு சேர்த்துச் சமைத்தல் நன்று. சம்பலில் தேசிக்காயைத் தாராளமாகப் பிழிதல் வேண்டும். தேநீரை ரொட்டிக்கு ஒரு மணி நேரம் பின்தள்ள வேண்டும். வாரத்தில் இரு நாளாவது பயறு முளைகட்டுதல் எந்த வீட்டிற்கும் இயலும். அதற்கு ஒரு துணியும் சிறிது நீருமே வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதிற் பங்குண்டு. விஞ்ஞான பாடத்தில் விற்றமின்களின் பெயர்களை மனப்பாடம் செய்விக்கின்றோம். அவை தம் வீட்டுச் சமையலறையில் எங்கு உள்ளன, எவ்வாறு அழிகின்றன என்பதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. பாடசாலைத் தோட்டத்தில் ஒரு கீரைப் பாத்தி, ஆய்வுகூடத்திற் கற்பிக்க இயலாத பாடத்தைக் கற்பிக்கும். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் வைத்தியர் உளர், தோட்ட உத்தியோகத்தர் உளர், வணிகர் உளர். தத்தம் ஊர்ப் பாடசாலைக்கு ஒரு மூடை பயறோ, ஒரு கொய்யாக் கன்றோ அளித்தலும் கல்விப் பணியே.

அந்த மாணவிக்கு வைத்தியசாலையில் இரும்பு மாத்திரை கொடுத்தனர். அவள் தாயை அழைத்துச் சாயத்தின் நேரத்தை மாற்றுமாறும், பருப்பும் கீரையும் இயன்றவரை சேர்க்குமாறும் கூறினேன். "இது காசில்லாம செய்யக்கூடிய காரியந்தானே சார், முன்னாடியே யாரும் சொல்லலியே" என்றார் அவர். சில மாதங்களில் அப்பிள்ளை வகுப்பில் விழித்திருக்கலானாள். அவளைச் சோம்பேறி என்று கடிந்த என் நாவு அன்றிலிருந்து எந்தப் பிள்ளையையும் அவ்வாறு கூறத் துணிவதில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்றே முதலில் வினவுகின்றது.

தாவர உணவு நலந்தரும் என்பது உண்மை. ஆனால் அது தீட்டப்படாததாய், பல வகையினதாய், பருப்போடும் இலையோடும் கனியோடும் கூடியதாய் இருத்தல் வேண்டும். மாவும் சீனியும் சாயமும் தாவர உணவின் பெயரை உடையன. அதன் பயனை உடையன அல்ல. இவ்வேறுபாட்டை வீடுதோறும் உணர்த்துவதே கற்றோர் கடன். அக்கடனை நாம் மறவாது ஆற்றுவோமாக.